வாடகை வீட்டில் மீன்: கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் டப் போதுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் மாடியில் வாடகைக்கு இருந்தால் என் ஓட்டு 30 லிட்டர் டப்புக்குத்தான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரக் கண்ணாடித் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 56 கிலோ. கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம், அட்வான்ஸில் பிடித்தம். வீடு மாறும்போது ஃபில்டர் ஸ்பாஞ்சைக் காயவிடாமல் பழைய தண்ணீரிலேயே கொண்டுபோக வேண்டும்; மீன் கழிவை நச்சு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சில்தான் வாழ்கிறது.

டப்புக்கு வேலம்பாசியும் சில கப்பி மீன்களும் போதும், கொசுப்புழுவையும் தின்றுவிடும். சித்திரை வெயிலில் நிழல் கட்டாயம்.

அழகுக்குக் கண்ணாடிதான், மீனைப் பக்கவாட்டில் பார்க்கும் சந்தோஷமே வேறு. தரைத்தளம், சம்மதிக்கிற வீட்டுக்காரர் என்றால் சரி, வாங்குங்கள். எதுவானாலும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள்.