பீச் டிடெக்டர் காயில்: கவரா, எபாக்ஸியா, டேப்பா, இல்ல சும்மாவே விட்டுடலாமா?

மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு போறவங்க முதல்ல கேக்குறது காயிலுக்கு, அதாவது ராடு நுனில தரை மேல ஆட்டுற அந்த தட்டுக்கு, கவர் வேணுமா வேணாமான்னுதான். நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்கு வந்ததும் கவரை கழட்டி கழுவுவீங்களா? இதுக்கு நேர்மையா பதில் சொல்லிட்டீங்கன்னா எதை வாங்கணும்ங்கிறது பாதி முடிவாயிடுச்சு.

காயிலுக்குள்ள செப்புக் கம்பி சுத்தியிருக்கும், அது அசையாம இருக்க எபாக்ஸியோ (கல்லு மாதிரி இறுகுற பசை) ஃபோமோ ஊத்தியிருப்பாங்க, வெளில ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு. நிறைய காயில்ல ஓட்டோட உள்பக்கம் கிராஃபைட் கலந்த ஷீல்டிங் பெயின்ட், அதாவது வெளில இருந்து வர்ற மின் தொந்தரவை தடுக்குற பூச்சு வேற அடிச்சிருக்கும். மணல்ல தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓடு மெலிஞ்சு அந்த பெயின்ட் வரைக்கும் போயிட்டா, ஈர மணல்ல லேசா பட்டாலே மெஷின் கத்தும். கேரட் ஏடி ப்ரோவுக்கு 10 அடி, மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-க்கு 3 மீட்டர் ஆழம்னு டிடெக்டர்ல வாட்டர்ப்ரூஃப் ரேட்டிங் போட்டிருக்கே, அதெல்லாம் ஓடு முழுசா இருக்குற வரைக்கும்தான். அதனால பாதுகாப்பு எதாவது வேணும், அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல.

முதல்ல கம்பெனி கவர், அதாவது காயிலுக்கு கீழ அப்படியே அழுத்தி மாட்டுற பிளாஸ்டிக் தட்டு. ரெண்டு மூணு மில்லிமீட்டர் தடிமன்தான், மெஷின் கண்டுபிடிக்கிற ஆழம் குறைஞ்சிடுமோன்னு பயப்படவே வேணாம், காயிலை அவ்வளவு உயரம் தூக்கிப் பிடிச்சா எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் போகும். தேய்ஞ்சா தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம், காயிலுக்கு ஒரு கீறல் கூட இருக்காது. பிரச்சனை எங்கன்னா ஓரத்துல இருக்குற இடுக்கு. அது வழியா ஈர மணல் உள்ள போகுது, நம்ம ஊர்ல அந்த மணல்ல கருமணலும் சேந்திருக்கும், வடகிழக்கு பருவமழை சமயத்துல அலை மேல் மணலை அரிச்சுட்டு போனதும் கருப்பு பட்டை பட்டையா தெரியும் பாருங்க, இல்மனைட், மேக்னடைட் மாதிரி கனமான தாதுங்க, ஒரு காந்தத்தை கிட்ட கொண்டு போனா கொஞ்சம் வந்து ஒட்டிக்கும். இப்ப கவருக்குள்ள காந்தத்துக்கு ஒட்டுற மணல், அது மேல கரண்ட் கடத்துற உப்புத் தண்ணி. நீங்க கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணுல இருக்குற தாதுவை மெஷின் கண்டுக்காம இருக்க பண்ற செட்டிங்) பண்ணது கீழ இருக்குற தரைக்கு, உள்ள இருக்குற மணலோ ஒவ்வொரு ஸ்விங்குக்கும் இங்கயும் அங்கயும் நகருது, காயிலுக்கு ஒட்டியே நகருது. மெஷின் அதை எல்லாம் சிக்னல்னு நினைச்சு கத்தும், நீங்களும் ஒண்ணுமில்லாத இடத்துல குழி தோண்டிட்டே இருப்பீங்க.

இதை கண்டுபிடிக்கிறது ஈஸி. காயிலை தரையை விட்டு தூக்கி காத்துல லேசா ஆட்டுங்க, பக்கத்துல விரலால தட்டுங்க. கவர் மாட்டியிருக்கும்போது மெஷின் கத்தி, கழட்டினா அடங்கிடுச்சுன்னா மணல்தான் காரணம். ஆனா சிங்கிள் ஃப்ரீக்வென்சி, அதாவது ஒரே அலைவரிசைல வேலை செய்யுற மெஷின் வச்சிருக்கவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அலை நனைக்கிற மணல்ல அது உப்புக்கே கத்தும், கவர் மேல பழி போடக்கூடாது, அங்க மல்டி ஃப்ரீக்வென்சியோ (ஒரே நேரத்துல பல அலைவரிசை) பல்ஸ் இண்டக்ஷனோதான் (விட்டு விட்டு துடிப்பா கரண்ட் அனுப்புற வகை) நிக்கும்.

கவர் ஓரத்தை சிலிக்கான் போட்டு சீல் பண்ணிடலாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தண்ணி உள்ள போயிடும், போனது வெளிய வராது, சீலை பிச்சு எடுக்க சோம்பல் பட்டுட்டு அப்படியே விட்டுடுவோம். உள்ள காத்து மாட்டிக்கிட்டா இடுப்பளவு தண்ணில காயில் மேல மிதக்க வேற பார்க்கும்.

வெளிநாட்டுல இருந்து கவர் வரவழைக்க கூரியர் செலவு கட்டுப்படியாகலன்னா, வட்ட காயிலுக்கு பூந்தொட்டிக்கு கீழ வைக்கிற பிளாஸ்டிக் தட்டு நல்லாவே வேலை செய்யும். காயிலை கையோட எடுத்துட்டு போய் அளவு பாத்து வாங்குங்க. சென்னை வெயில்ல சீக்கிரம் நொறுங்கிப்போகும், விலை கம்மிதானே, மாத்திக்கலாம்.

எபாக்ஸிக்கு வருவோம். கழுவ நேரமில்லாதவங்களுக்கு நான் சொல்றது இதுதான். அடிப்பக்கத்தை நைஸ் உப்புத்தாள் வச்சு லேசா, பளபளப்பு மட்டும் போற அளவுக்கு தேய்ச்சு, துடைச்சு, அரால்டைட் மாதிரி மெதுவா காயுற ரெண்டு டியூப் எபாக்ஸியை மெல்லிசா ஒரு கோட் தடவுங்க, மறுநாள் இன்னொரு கோட். ஒரேயடியா தடியா ஊத்தக்கூடாது, இறுகும்போது அது சூடாகும், ஓடு வளைஞ்சு போக வாய்ப்பிருக்கு. இடுக்கே கிடையாது, மணல் தங்க இடமே இல்ல, இதுதான் இதோட பெரிய பலம். நஷ்டமும் இருக்கு, கழட்ட முடியாது, வாரண்டி போயிடலாம், மெஷினை விக்கும்போது வாங்குறவர் உள்ள விரிசலை மறைச்சிருக்கோமோன்னு சந்தேகப்படுவார். பெயின்ட் அடிக்கிறதா இருந்தா மெட்டாலிக், கிராஃபைட் கலந்ததை தொடவே தொடாதீங்க. டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு தெளிவா போடலன்னா அதுவும் வேணாம்.

டேப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. இன்சுலேஷன் டேப் நம்ம வெயில்ல பசை உருகி வழியும், அந்த பசைல மணல் ஒட்டும், உரிச்சா கருப்பா பிசுக்கு நிக்கும். கவர் வர்ற வரைக்கும் ஒரு வாரம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

எதுவுமே போடாம போறது? காஞ்ச மணல்ல மட்டும், காயிலை தரையில உரசாம ரெண்டு விரல் உயரத்துல ஆட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஓகே. கோவளம் பக்கம் பாறை, கல்லு கொட்டின இடத்துல எல்லாம் வேணவே வேணாம், ஒரே இடி போதும்.

எதை போட்டாலும் கழுவுற தண்ணி முக்கியம். திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் நிறைய வீட்டு போர் தண்ணியே உப்பு, அதுல கழுவிட்டு கழுவிட்டேன்னு திருப்தி பட்டுக்காதீங்க, காஞ்சதும் வெள்ளையா உப்பு படியும். மெட்ரோ வாட்டர் ஒரு பக்கெட் பிடிச்சு வச்சு அதுல கழுவுங்க. காயிலோட காது இருக்கே, ராடு மாட்டுற இடம், அந்த ரப்பர் வாஷரை கழட்டி கழுவணும். அங்க மணல் இருந்தா காயில் நிக்காம ஆடும், ஆடுதேன்னு போல்ட்டை இன்னும் முறுக்குவோம், காது உடைஞ்சிடும். அடிப்பக்கம் தேய்ஞ்சா எபாக்ஸி போடலாம், காது உடைஞ்சா எம்-சீல் எல்லாம் தாங்காது. காயில் கேபிளை சொருகுற கனெக்டர்ல இருக்குற ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) தேங்காய் எண்ணெயும் வேணாம், வாஸ்லினும் வேணாம், சிலிக்கான் கிரீஸ் துளி போதும். கார்ல வெயில்ல கிடந்த காயிலை அப்படியே கடல்ல முக்காதீங்க, திடீர்னு குளிர்ந்தா உள்ள காத்து சுருங்கி, மெல்லிய விரிசல் இருந்தா அது வழியா தண்ணியை உறிஞ்சிக்கும், கொஞ்ச நேரம் நிழல்ல வச்சுட்டு இறங்குங்க.

என் ஓட்டு சீல் பண்ணாத கம்பெனி கவருக்குதான், ஒவ்வொரு தடவையும் கழட்டி கழுவுற பழக்கத்தோட. கருமணல் பட்டைல தேடும்போது நடுவுல ஒரு தடவை அங்கயே கழட்டி மணலை உதறிடுவேன். வாரம் முழுக்க வேலை, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், கழுவ எல்லாம் ஆகாதுங்கிறவங்க கவர் வாங்காதீங்க, அந்த காசுல எபாக்ஸி வாங்கி ஒரு ராத்திரி உக்காந்து தடவிடுங்க.