வாசிப்பு மூலை: நான்கு வருடம் உட்கார்ந்த பிறகு

ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நிற்கும் விளக்கு, சின்ன ஸ்டூல், கைக்கு எட்டும் தூரத்தில் புத்தக அலமாரி. என் வாசிப்பு மூலை இவ்வளவுதான். அமைத்த முதல் மாதத்தில் எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கும். அப்போது எல்லாமே அழகாக இருந்தது, படித்ததுதான் குறைவு.

விளக்கில்தான் அதிகம் தப்பு செய்தேன். வெளிச்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பல்பு போட்டேன். ராத்திரி அங்கே உட்கார்ந்தால் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது போலவே இருக்கும். இருபது பக்கம் தாண்டுவதற்குள் எழுந்துவிடுவேன். புத்தகம் போரடிக்கிறது என்று நினைத்து மூன்று நல்ல நாவல்களைப் பாதியில் மூடி வைத்தேன், பாவம். எட்டு மாதம் கழித்து 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாறினேன். 800 லூமென், அதாவது பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த அளவு வெளிச்சம். வாசிக்க அதுவே தாராளம். அப்புறம் விளக்கை எதிரிலிருந்து எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வைத்தேன். வலது கையால் ஓரத்தில் பென்சில் குறிப்பு எழுதினால் இப்போது நிழல் விழுவதில்லை. வழவழப்பான தாள் மட்டும் இன்னும் மினுங்குகிறது. புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துச் சமாளிக்கிறேன்.

முதலில் வாங்கிய நாற்காலி ஆளையே விழுங்கும் மெத்தை ரகம். அதில் வாசித்ததைவிடத் தூங்கியது அதிகம். இப்போது இருப்பது கொஞ்சம் கெட்டியானது, கைப்பிடி உள்ளது. மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தை வைத்தால் 700 பக்கப் புத்தகம்கூட மணிக்கட்டை வலிக்க விடாது.

அலமாரி சுமார்தான். மரத்தூள் பலகை, 90 சென்டிமீட்டர் நீளம், நடுவில் தாங்கல் கிடையாது. இரண்டாவது வருடமே தொய்ந்துவிட்டது. பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். இன்னொரு அபத்தம், அதை ஈரம் கசியும் சுவரோடு ஒட்டி வைத்தது. ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் வேண்டும், அட்டையில் தடவிய பசையும் வேண்டும். இரண்டையும் நானே பரிமாறியிருக்கிறேன். நான்கு புத்தகங்களின் முதுகு போனது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்ததிலிருந்து தொல்லை இல்லை.

இ-ரீடரும் இருக்கிறது. அந்தத் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும் என்பதால், முன்விளக்கைக் குறைத்து வைத்தால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் அது படுக்கைக்குத்தான். நாற்காலியில் காகிதம்தான் என்று எப்படியோ ஆகிவிட்டது.

காசு செலவில்லாமல் செய்த ஒரு மாற்றத்துக்குத்தான் முழு மதிப்பெண். போன் சார்ஜரைப் பக்கத்திலிருந்து பிடுங்கிச் சமையலறையில் மாட்டினேன். முதல் வாரம் ஏதோ மறந்ததுபோல கை தேடிக்கொண்டே இருந்தது. இப்போது மணி அடித்தால் மட்டும் போய்ப் பார்க்கிறேன். சில சமயம் அதற்கும் போவதில்லை.

குறை என்று சொன்னால் ஒன்றுதான்: மூலை என்னுடையது என்பது இன்று வெறும் பேச்சுக்கு. நான் வருவதற்குள் மகள் காலை மடக்கி உட்கார்ந்து படக்கதையில் மூழ்கியிருப்பாள். எழுந்திரு என்றால், "இந்த ஒரு பக்கம்தான் அப்பா" என்பாள். அந்த ஒரு பக்கம் முடிந்து நான் பார்த்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் தோள் தாண்டி விழும் வெளிச்சத்தில் என் புத்தகத்தைப் பிரிப்பேன். மழை நாளில் இருவரும் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்போம், டீ ஆறிக் கிடக்கும்.

ஸ்டூலுக்கு முதுகு இல்லை, எனக்கு இருக்கிறது. அடுத்து வாங்குவது இன்னொரு நாற்காலிதான். இரண்டுக்கும் நடுவில் விளக்கு எங்கே நிற்கும் என்று இன்று ராத்திரி அளந்து பார்க்க வேண்டும்.