வளைகுடாவில் வாங்கிய ட்ரைபாடும் ஃபில்டரும் நெல்லையில் எப்படி உழைக்கின்றன?

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்குக் குடும்பத்தோடு லீவு கிடைப்பது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான். திருநெல்வேலிச் சீமையில் அது ஆடிக்காற்றுக் காலம். பாலைவனத்தில் குறை சொல்ல முடியாத கருவிகள் இங்கே வந்ததும் வேறு முகம் காட்டும்.

ஒன்றேகால் கிலோ கார்பன் ஃபைபர் ட்ரைபாட் விமான எடைக்கு நல்லது. ஆனால் பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை எடுக்க அது தாங்காது; கணவாய் வழியே வரும் மேல்காற்று அப்படி. நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். கொக்கியில் பையை மாட்டச் சொல்வார்கள். அந்தரத்தில் தொங்கும் பை ஆடி ஆடி அதிர்வைக் கூட்டத்தான் செய்யும். பையின் அடி தரையில் லேசாகப் பட்டிருக்க வேண்டும். காற்றில் ட்ரைபாட் காலின் கடைசி மெல்லிய பகுதியை நீட்டக்கூடாது. திசையன்விளைப் பக்கத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், மட்டும் அதை ஒரு சாண் நீட்டுங்கள். இல்லையென்றால் திருகுப் பூட்டு செம்மணலில் புதைந்து, மறுநாள் நறநறக்கும். அப்படி ஆனால் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் சரியாகிவிடும்.

பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களிலிருந்து மலை மேற்கே. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வானத்தில் அது ஒன்றும் செய்யாது. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானம்தான் கறுக்கும். அது சம்பளத்துக்கு வேலை செய்வது பாபநாசம், மணிமுத்தாறு அருவிப் பாறைகளில். ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பு அடங்கி, நிறம் மேலே வரும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும், அவ்வளவுதான் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

அருவிக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரான என்டி ஆறு ஸ்டாப் போதும்: 1/15 நொடி 4 நொடியாகிவிடும். பத்து ஸ்டாப் என்டி வாங்கிப் பெட்டியில் தூங்க வைத்திருப்பவர்கள்தான் அதிகம். குற்றாலச் சாரலில் ஃபில்டர் மேல் துளி விழுந்துகொண்டே இருக்கும். மைக்ரோஃபைபர் துணி ஒன்று நனைந்ததும் வேலைக்கு ஆகாது, நாலைந்து வேண்டும்.

மாலையில் தேரியை எடுக்கும்போது கேமராவின் வெளிச்ச வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் ஏமாற்றும். சிவப்புச் சேனல் முதலில் அளவு மீறி வெடித்து, மணல் வரிகள் தட்டையாகிவிடும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து RAW கோப்பாக எடுங்கள்.

நீண்ட காலத்தில் லென்ஸைக் கெடுப்பது பூஞ்சைதான். ஊர் வீட்டு பீரோவில் தோல் உறையோடு லென்ஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கிய ட்ரோனைக் கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் இறக்குமதிக்குத் தடை. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் வேறு பக்கத்திலேயே இருக்கின்றன.

லீவைத் தள்ளிப்போட முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் பிசான நெல் நடவுக்கு வாருங்கள். ஆடிக்காற்றுக் காலத்துக் கார் பருவ நெல் நடவில் வயலில் தண்ணீர் நின்றாலும் காற்று அலைத்துக்கொண்டே இருக்கும், மலையின் பிம்பம் விழாது. பிசானத்தில் மழை விட்ட மறுநாள் விடியலில் வரப்போரம் ட்ரைபாடைத் தாழ வைத்தால், பொதிகை மலை முழுசாகத் தண்ணீரில் கிடைக்கும். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு முகடுகளில் மேகம் ஏறிவிடும்.