முனகல் எங்கிருந்து வந்தது: ப்ரீஆம்ப் மின்வழங்கியோடு மூன்று ஆண்டுகள்

இசைத்தட்டு கேட்க நானே கட்டிய ப்ரீஆம்ப் (ஊசியின் நுண்ணிய சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) இது. மூன்று ஆண்டுகளில் இதன் சர்க்யூட்டில் கை வைக்கவில்லை. அதற்கு மின்சாரம் தரும் மின்வழங்கியை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். 1000 ஹெர்ட்ஸில் அதை 100 மடங்கு பெருக்குகிறோம் என்றால், ஆர்ஐஏஏ வளைவின்படி (தட்டில் குறைத்துப் பதிந்த தாழ்ந்த ஒலிகளை மீண்டும் உயர்த்தும் பொது அளவுகோல்) 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 700 மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். துளி கசிந்தாலும் காதில் விழும்.

முதலில் வைத்த ஸ்விட்ச்சிங் அடாப்டரில் மெல்லிய கீச்சொலி இருந்துகொண்டே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு 15-0-15 டிரான்ஸ்பார்மரும் (நடுமுனையின் இருபுறமும் 15 வோல்ட் தருவது), மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் எல்எம்317, எல்எம்337 ரெகுலேட்டர்களும் போட்டேன். கீச்சொலி போயிற்று, முனகல் வந்தது. ரெகுலேட்டர்தான் காரணம் என்று நினைத்து, அவற்றுக்குப் பின்னால் எல்டி3045, எல்டி3094 என்ற விலையுயர்ந்த, இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர் பலகைகளைச் சேர்த்தேன். இரண்டின் இரைச்சலும் 0.8 மைக்ரோவோல்ட் அளவே. 12 வோல்ட்டில் எல்எம்317 சில நூறு மைக்ரோவோல்ட் தரும். ஆனாலும் முனகல் இம்மியும் குறையவில்லை. அன்று மிகவும் சோர்ந்துபோனேன்.

விடை கிடைத்தது தற்செயலாக. ஒலியை முழுதாக ஏற்றி வைத்திருந்தபோது மின்சாரம் நின்றது. கெப்பாசிட்டரில் இருந்த மின்னூட்டத்தால் ப்ரீஆம்ப் இன்னும் சில நொடிகள் இயங்கியது. முனகலோ அந்தக் கணமே அறுந்தது. அப்படியென்றால் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரின் மின்னோட்டத் துடிப்புகளும்தான் குற்றவாளிகள். டிரான்ஸ்பார்மரைக் கையால் திருப்பத் திருப்ப 50 ஹெர்ட்ஸ் முனகல் ஏறி இறங்கியது. அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றி இரண்டடி தள்ளி வைத்தேன். ரெக்டிஃபயர் துடிப்புகளின் கரகரவென்ற 100 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் மிஞ்சியது. ப்ரீஆம்ப்பின் கிரவுண்ட் வயரை, ரெக்டிஃபயருக்கும் முதல் கெப்பாசிட்டருக்கும் நடுவே இணைத்திருந்தேன். கெப்பாசிட்டரை நிரப்பும் துடிப்புகள் ஓடுகிற பாதை அது. கெப்பாசிட்டரைத் தாண்டி, ரெகுலேட்டரின் வெளியீட்டுப் பக்கத்துக்கு அந்த வயரை மாற்றினேன். அமைதி!

விலையுயர்ந்த ரெகுலேட்டர்களைக் கழற்றிவிட்டும் கேட்டேன்; என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. மின்வழியில் வரும் இரைச்சலை ப்ரீஆம்ப்பில் பெருக்கும் வேலையைச் செய்யும் என்இ5532 ஐசியே பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. இந்தப் பணிக்கு அவற்றை மறுபடியும் வாங்க மாட்டேன். வைத்திருப்பவர்கள் எல்எம்317-க்குப் பின்னால் மட்டும் போடுங்கள்: 15-0-15 டிரான்ஸ்பார்மரில் சுமை குறைவாக இருந்து வீட்டு மின்னழுத்தமும் ஏறினால் ரெக்டிஃபயருக்குப் பின் வரும் டிசி 22 வோல்ட்டைத் தாண்டிவிடும், எல்டி3045 அதைத் தாங்காது.

சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் டிரான்ஸ்பார்மர் இன்னும் உறுமுகிறது. மின்வெட்டு நேரத்தில் தட்டைச் சுழற்றுவதில்லை.