பேனருக்கு நாலு நட்சத்திரம், பட்டுவாடாவுக்கு ஒன்றரை: சி-விஜில் செயலி எப்படி?

நடத்தை விதி மீறலைப் பொதுமக்களே படம் பிடித்து அனுப்பத் தேர்தல் ஆணையம் 2018-இல் கொண்டுவந்த செயலி சி-விஜில். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். ஓட்டுக்குத் துட்டு கொடுப்பவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நம்பி இதை இறக்குபவர்கள்தான் அதிகம். ஏமாறுபவர்களும் அவர்கள்தான்.

முதலில் வேலை செய்யும் விதம். செயலிக்கு உள்ளிருந்தே படமோ, 2 நிமிடம் வரை வீடியோவோ எடுக்க வேண்டும். கேலரியில் கிடப்பதையோ வாட்ஸ்அப்பில் வந்ததையோ ஏற்றவே முடியாது. பழைய படத்தைப் போட்டு எதிராளியை மாட்டிவிடும் வேலை இதனால் நடக்காது, நல்ல ஏற்பாடு. எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அதைப் பறக்கும் படைக்குத் தள்ள 5 நிமிடம், படை இடத்துக்கு வர 15, விசாரித்து அறிக்கை ஏற்ற 30, தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவெடுக்க 50. ‘100 நிமிடத்தில் தீர்வு’ என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். உங்களுடைய 5 நிமிடம் இதில் சேராது.

சொதப்புவது பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். இருப்பிடத்தை ஜிபிஎஸ் தானாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அடுக்குமாடியின் இரண்டாம் மாடியா மூன்றாம் மாடியா என்று அதற்குத் தெரியாது. குறுகலான சந்தில் பக்கத்துத் தெருவைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. விவரப் பெட்டியில் கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கடையின் பெயர் மூன்றையும் தட்டிவிடுங்கள். 15 நிமிடத்தில் வந்துசேரும் படை, வீட்டைத் தேடியே அடுத்த 15 நிமிடத்தைத் தொலைக்கக் கூடாது. சிக்னல் மோசமான ஊரில் வீடியோ வேண்டாம், அது ஏறுவதற்குள் 5 நிமிடம் போய்விடும். தெளிவான ஒரு படம் போதும். இரவில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். ஒரு புகார் அனுப்பிய பின் அடுத்ததை அனுப்ப 5 நிமிடம் பொறுக்க வேண்டும்.

பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. செல்போன் எண்ணோடு கொடுத்தால் புகார் எண் கிடைக்கும். சின்ன ஊரில் எது முக்கியம் என்பது அவரவர் பாடு.

இனி பணத்துக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 29 வரை 79,000-க்கு மேல் புகார்கள் வந்ததாகவும், 99 சதவீதத்துக்கு மேல் முடிக்கப்பட்டதாகவும் ஆணையம் சொன்னது. அதில் 58,500-க்கு மேல், ஏறக்குறைய நாலில் மூன்று, அனுமதியில்லாத பேனர், விளம்பரப் பலகை பற்றியவை. பணம், பரிசுப்பொருள், மது மூன்றும் சேர்ந்து சுமார் 1,400. ‘முடிக்கப்பட்டது’ என்றால் யாரோ மாட்டினார் என்றும் பொருளில்லை. ஆதாரம் இல்லை என்று கைவிட்ட புகாரும் முடிந்த புகார்தான்.

இத்தனைக்கும் நாட்டில் பட்டுவாடா குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேமராவுக்கு அகப்படும்படி அது நடப்பதில்லை, அவ்வளவுதான். ஆர்.கே.நகர் 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதைப் படம் பிடித்தால் என்ன தெரியும்? ஒருவர் கையில் ஒரு 20 ரூபாய் நோட்டு. சட்டமும் சாட்சியின் வாயைக் கட்டுகிறது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி. கவரை வாங்கிய கையோடு புகார் கொடுக்க யார் வருவார்கள்?

2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானதும் இப்படிப் போன புகாரால் அல்ல. 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கிய வருமான வரிச் சோதனையால். அந்த ரத்துக்குக்கூடக் குடியரசுத் தலைவரின் உத்தரவு தேவைப்பட்டது. பணபலத்தைக் காரணம் காட்டித் தானே தேர்தலை நிறுத்த, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58பி என்ற புதுப் பிரிவை ஆணையம் கேட்டது. மத்திய அரசு கொடுக்கவில்லை. குடோன், ரொக்கக் கட்டு போன்ற தகவல் கையில் இருந்தால் செயலியோடு நிற்காமல் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கும் அழைத்துச் சொல்லுங்கள்.

அதற்காக பேனர் புகாரை அற்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தச் செயலியின் உண்மையான பலம் அங்கேதான். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை என்பது வேறு ஓட்டை. வேட்பாளர் காட்டும் கணக்குக்கு எதிராகச் செலவினக் கண்காணிப்புக் குழு தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருக்கும். ஃப்ளெக்ஸ், பந்தல், நாற்காலி, வாடகை வண்டி ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டிருக்கும். பேனரைக் கழற்றுவதோடு படையின் வேலை முடிந்துவிடக் கூடாது. அதன் செலவு அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதனால் விவரப் பெட்டியில் எத்தனை பேனர், தோராயமாக எத்தனை அடி, யார் பெயர் என்று எழுதுங்கள். ‘இங்கே பேனர் இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் கழற்றுவார்கள், கணக்கில் வராது.

தேர்தல் அறிவித்த மாநிலத்துக்குள் மட்டுமே சி-விஜில் இயங்கும். மற்ற நாளில் திறந்து பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுவது நியாயமில்லை. சுமார் 40 செயலிகளையும் தளங்களையும் ஈசிஐநெட் என்ற ஒன்றுக்குள் கொண்டுவருவதாக ஆணையம் 2025 மே மாதம் அறிவித்தது. சி-விஜிலும் அந்தப் பட்டியலில் உண்டு. இறக்கும் முன் அதையும் பாருங்கள்.

புகார் எண்ணையும் பேனர் அளவையும் எங்காவது குறித்துவையுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்.