இரண்டு ரவுண்டுக்கு மூன்று அடி: ஆறு வருஷம் ஆடிப் பார்த்த அனுபவம்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆட்டம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, விதிகள் 1978இன் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிற டன்ஜன் மாஸ்டர், நான்தான். ஆட வருகிற ஐந்து பேரில் இரண்டு பேர் கடலூர் மஞ்சக்குப்பம், எட்டு மணிக்கெல்லாம் அவர்கள் பஸ் ஏறியாக வேண்டும். அதனால் ஒரு சண்டை எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். இந்த ஆறு வருஷத்தில் நான் அதிகம் மாற்றி மாற்றிப் பார்த்தது, ஒரே ரவுண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அடிகளை எப்படி நடத்துவது என்பதைத்தான்.

ஃபைட்டர் என்கிற போர்வீரனுக்கு லெவல் 6 வரை ரவுண்டுக்கு, அதாவது சண்டையின் ஒரு சுற்றுக்கு, ஒரு அடி. 7 முதல் 12 வரை இரண்டு ரவுண்டுக்கு மூன்று. 13 ஆனதும் ரவுண்டுக்கு இரண்டு. படிக்கும்போது சுலபம்தான். ஆட உட்கார்ந்தால் முதல் கேள்வி, எந்த ரவுண்டில் ஒன்று, எந்த ரவுண்டில் இரண்டு? ஆரம்பத்தில் ஒன்று, அப்புறம் இரண்டு என்று வைத்தேன். ஃபைட்டர் ஆடுகிற அண்ணன், "லெவல் ஏறியும் ஏறின மாதிரியே தெரியல தம்பி, முதல்லயே ரெண்டு குடு" என்றார். சரி என்று மாற்றினேன். ஒரு வருஷம் அப்படியே போனது. பெரிய மான்ஸ்டர்கள்கூட சீக்கிரமே சாய்வதைப் பார்த்துத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் சண்டை பெரும்பாலும் மூன்று ரவுண்டில் முடிந்துவிடும். ஒன்று, இரண்டு, ஒன்று என்றால் நான்கு அடி. இரண்டு, ஒன்று, இரண்டு என்றால் ஐந்து. சண்டை சின்னதாக இருப்பதாலேயே கால் பங்கு பலம் கூடிவிடுகிறது. அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். பழையபடி ஒன்று முதலில்.

இது ஒரு அடி ரவுண்டா, இரண்டு அடி ரவுண்டா என்ற வாக்குவாதம் தனி. அதைத் தீர்த்தது பாட்டியின் பல்லாங்குழிப் பலகையோடு கிடந்த ஒரு சோழி. குப்புற இருந்தால் ஒரு அடி, வாய் மேலே பார்த்தால் இரண்டு. ரவுண்டு முடிந்ததும் ஆடுகிறவரே புரட்டி வைக்க வேண்டும். நான்கு வருஷமாக அதே சோழிதான், ஒரு தடவைகூட வாக்குவாதம் வரவில்லை.

காப்லின் என்கிற குட்டி மான்ஸ்டர்கள் கூட்டமாக வந்தால் வேறு கதை. ஹிட் டைஸ் என்பது மான்ஸ்டரின் உயிரைக் கணக்கிடும் பகடை. ஒரு முழு ஹிட் டைஸுக்குக் குறைந்த எதிரிகள் என்றால் ஃபைட்டருக்கு லெவல் எத்தனையோ அத்தனை அடி. ஏழாம் லெவலுக்கு ஏழு. இருபது முகப் பகடை இரண்டே இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உருட்டிய காலத்தில் நிழல் அடுத்த வீட்டுச் சுவர் வரை போய்விடும். இப்போது ஏழு பகடையையும் பித்தளைத் தாம்பாளத்தில் ஒரே வீச்சில் போட்டு, இடமிருந்து வலமாக வாசிக்கிறோம். அந்தச் சத்தத்துக்கே அண்ணன் முகம் மலர்ந்துவிடும். ஆர்க் என்கிற மான்ஸ்டருக்கு இது செல்லாது, அதற்கு ஒரு முழு ஹிட் டைஸ் உண்டு.

எனக்கு மனசு கனத்தது கூல் என்கிற பிணந்தின்னியிடம். இரண்டு நகம், ஒரு கடி. எதுபட்டாலும் எல்ஃப் இனத்தவர் தவிர மற்றவர் உடம்பு விறைத்துப்போகும், தப்பிக்க சேவிங் த்ரோ என்று இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். மஞ்சக்குப்பம் அக்காவின் ஃபைட்டர் அப்போது லெவல் 5, பதினொன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும். நகங்களுக்குச் சிவப்பு, கடிக்குக் கறுப்பு என்று மூன்று பகடையைச் சேர்த்துப் போட்டேன். சிவப்பில் 16, 14. கறுப்பில் 18. மூன்றும் பட்டது. அக்கா உருட்டினார். 12. மறுபடி 15. மூன்றாவது 9. அவருடைய கதாபாத்திரம் கல்லாக நின்றது, அடுத்த ரவுண்டில் செத்தது. "மூணு தடவை உருட்டச் சொன்னா மனுஷி என்ன தம்பி பண்ணுவா?" என்றார். அக்கா கேட்டது நியாயம். ஒரு தடவை தப்ப பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்று தடவையும் தப்ப எட்டில் ஒன்றுதான். அன்றிலிருந்து எத்தனை அடி பட்டாலும் ஒரு கூலுக்கு ரவுண்டுக்கு ஒரே சேவ்.

ஆனால் உண்மையில் ஆட்டத்தை மாற்றியது, 1979இல் வந்த டிஎம்முக்கான புத்தகத்தில் நான் பல தடவை தாண்டிப் போன ஒரு விதி. ரவுண்டில் இரண்டு தடவை அடிக்கிறவர், யார் முந்துவது என்று உருட்டும் இனிஷியேட்டிவ் என்னவாக இருந்தாலும், ஒரு அடியை எல்லாருக்கும் முன்னால் அடிப்பார், இன்னொன்றை எல்லாருக்கும் கடைசியில். இரு பக்கமும் அப்படி என்றால் இனிஷியேட்டிவ் ஜெயித்தவருக்கு முதல் அடியும் மூன்றாவது அடியும். ஒரு ரவுண்டு என்பது அங்கே ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தின் இரண்டு முனையிலும் ஃபைட்டர் நிற்கிறார். நடுவில் எதிரி மந்திரம் ஓதலாம், ஓடலாம், நம் ஆளையே வீழ்த்தலாம். இரண்டாவது அடி அவருக்குக் கிடைக்குமா என்று ஐந்து பேரும் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து உருட்டிய நாட்களில் இந்தத் தவிப்பு இல்லவே இல்லை.

கரடியின் நகம், நகம், கடி மூன்றும் விதிப்படி ஒரே அடிதான், பிரிக்கக் கூடாது. ட்ரோல் என்கிற ராட்சத மான்ஸ்டருக்கும் அதே கணக்கு. நான் மட்டும் பிரிக்கிறேன். நகங்கள் அதன் முறையில், கடி ரவுண்டின் கடைசியில். ட்ரோலின் ஒரு நகம் 5 முதல் 8, கடி 2 முதல் 12. மூன்றும் பட்டால் சராசரி 20, ஏழாம் லெவல் ஃபைட்டரின் சராசரி உயிரில் பாதிக்கு மேல். கடி தள்ளிப்போனதால், போன மாதம் நகம் இரண்டும் பட்டு 9 ஹிட் பாயிண்ட் உயிரோடு நின்ற அண்ணனைக் கிளெரிக் என்கிற பூசாரியை ஆடும் அக்கா ஓடிப்போய்த் தொட்டுக் குணப்படுத்த முடிந்தது. 16 ஆனது. கடி 11. அண்ணன் பிழைத்தார்.

ரேஞ்சர் என்கிற காட்டு வீரனை ஆடும் எங்கள் தம்பி போன ஆட்டத்தில் லெவல் 8 தொட்டுவிட்டான். ரேஞ்சருக்கு இரண்டு ரவுண்டுக்கு மூன்று என்பது எட்டில்தான் தொடங்கும். பலகையோடு இன்னும் மூன்று சோழி கிடக்கிறது, ஒன்றைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.