புது மூலக்கூறா, பட்டியலில் தேடலா: பிஎச்டிக்கு எதை எடுக்கலாம்?

கணினிவழி மருந்து வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவை வைத்து முனைவர் பட்டம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஒன்று ஜெனரேட்டிவ் மாடல்: இதுவரை யாரும் செய்திராத மூலக்கூறை மாடலே வரைந்து தரும். இன்னொன்று விர்ச்சுவல் ஸ்க்ரீனிங்: கையிருப்பில் இருக்கிற, அல்லது கேட்டால் செய்து தருகிற மூலக்கூறுகளைச் சலித்து, எவை வேலை செய்யும் என்று கணிப்பது. நான் எடுத்தது இரண்டாவது. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பைத்தான், மூலக்கூறுகளைக் கணினியில் கையாள உதவும் ஆர்டிகிட் மென்பொருள், ஜிபியு எல்லாம் இரண்டுக்கும் வேண்டும், அதை விட்டுவிடுவோம். கவர்ச்சியில் ஜெனரேட்டிவ்தான் முந்தும். டிடிஆர்1 என்ற கைனேஸ் வகைப் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறுகளை 21 நாளில் மாடல் வடிவமைத்தது என்று 2019-ல் கட்டுரை வந்தபோது துறையே திரும்பிப் பார்த்தது. ஆனால் அவற்றில் ஆறைச் செய்து பார்த்து, செல்களிலும் எலியிலும் சோதிக்கிற அளவுக்கு ஒரு குழு பின்னால் இருந்தது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதுதான்: மாடல் சொன்னதைப் பட்டம் முடிவதற்குள் யாராவது சோதித்துப் பார்க்க முடியுமா?

புது மூலக்கூறு என்றால் முதலில் ஒரு வேதியியலாளர் அதைச் செய்ய வேண்டும். திரையில் அழகாக இருக்கும் வளையம், ஆய்வகத்தில் நாலாவது படியில் உடைந்துவிடலாம். செய்ய ஆளில்லாவிட்டால் ஆய்வேட்டில் மிஞ்சுவது எத்தனை மூலக்கூறுகள் புதியவை, டாக்கிங் ஸ்கோர் (மூலக்கூறு புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று கணினி போடும் மதிப்பெண்) எவ்வளவு என்கிற அட்டவணைகள். அந்த ஸ்கோரை உயர்த்தத்தான் மாடலையே பழக்கியிருப்போம். தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்துகிற கதை.

ஸ்க்ரீனிங்கில் அந்தச் சுற்று இல்லை. ஹாலிசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டெடுத்த, 2020-ல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறதா இல்லையா என்று சோதித்த 2,335 மூலக்கூறுகளை வைத்து மாடலைப் பழக்கினார்கள். பிறகு மருந்தாக ஏற்கெனவே ஆராயப்பட்டவற்றின் தொகுப்பில் தேடினார்கள். கிடைத்தது ஒரு காலத்தில் நீரிழிவுக்காக ஆராயப்பட்ட மூலக்கூறு. பொருள் கையில் இருந்ததால் நேராகப் பாக்டீரியாவோடு வைத்துப் பார்க்க முடிந்தது. மாடலும் பிரம்மாண்டமானதல்ல, ஒரு மாணவர் ஓட்டிப் பார்க்கக்கூடியதுதான்.

சரி, ஸ்க்ரீனிங்கில் ஏமாற இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. டியூடி-இ என்று 102 புரதங்கள் கொண்ட ஒரு தரவுத்தொகுப்பை ரொம்ப நாளாக உரைகல்லாக வைத்திருந்தார்கள். அதில் பழக்கிய மாடலிடமிருந்து புரதத்தை மறைத்து, மூலக்கூறை மட்டும் காட்டினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வாங்குகிறது என்று 2019-ல் காட்டினார்கள். எது எதனோடு ஒட்டுகிறது என்பதை அது கற்கவே இல்லை. தொகுப்பின் சாய்வை மனப்பாடம் செய்திருந்தது. அதனால் எந்த மாடலாக இருந்தாலும் புரதத்தை நீக்கி ஒருமுறை ஓட்டுவது என் முதல் வேலை. பழக்க, சோதிக்க என்று மூலக்கூறுகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல், சட்டகம் (மூலக்கூறின் மைய எலும்புக்கூடு) அல்லது ஆண்டுவாரியாகப் பிரிப்பது அடுத்தது. மதிப்பெண் சடாரென்று இறங்கும், மனசு கஷ்டப்படும். ஆனால் வாய்மொழித் தேர்வில் நிற்கப்போவது அந்த இறங்கிய எண்தான்.

ஆழ்கற்றல் டாக்கிங்கிலும் இதே தொல்லை உண்டு. 2023-ல் வந்த போஸ்பஸ்டர்ஸ் சோதனையில், பழக்கியபோது காட்டாத புரதங்களைக் கொடுத்தபோது அத்தகைய மாடல்கள் தடுமாறின. அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகிற நிலைகளைக்கூட விடையாகத் தந்தன. 2010-ல் வந்த ஆட்டோடாக் வினா (Vina) என்ற பழைய டாக்கிங் மென்பொருள் அவற்றைவிட நன்றாகச் செய்தது. அதன் பிறகு மாடல்கள் வளர்ந்திருக்கின்றன என்றாலும் ஒப்பிட வினா பக்கத்தில் இருக்கட்டும்.

ஜெனரேட்டிவ் பக்கம் என் அனுபவம் மேலோட்டமானது. தயாராகக் கிடைக்கும் கருவிகளை ஓட்டிப் பார்த்ததோடு சரி. உங்கள் ஆய்வகத்திலேயே செய்முறை வேதியியலாளர் இருந்தால், அல்லது உங்கள் புரதத்தைச் சுற்றித் தெரிந்த சட்டகங்களையெல்லாம் காப்புரிமை வளைத்துப் போட்டிருந்தால், நான் சொன்னது தலைகீழாகலாம். ஆல்ஃபாஃபோல்ட் என்ற மாடல் கணித்த புரத அமைப்பை மட்டும் நம்பி ஸ்க்ரீனிங் செய்யப்போகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். மொத்த மடிப்பு சரியாக இருந்தாலும், மருந்து உட்காரும் குழியில் பக்கச் சங்கிலிகள் (புரத இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அணுத்தொகுதிகள்) சற்றே விலகினால் டாக்கிங் கெட்டுவிடும்.

தலைப்பைப் பதிவு செய்யுமுன் கைடிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கணித்த மூலக்கூறுகளை யார் சோதிப்பார்கள், எந்த ஆண்டில், யார் செலவில்?